இஸ்திரிக்கு வந்த கோட்

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை வக்கீலம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். வக்கீல் கொண்டுவரும் உறையைச் சிறையில் பிரித்துப் பார்க்க மாட்டார்களாம். அவரும் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் தபாலில் எழுத முடியாததையெல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாகிறது, இவ்வளவுதான் வந்திருக்கிறது. இவளுக்கா வார்த்தை வரவில்லை என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் சந்தோஷம்.

மூன்று தடவை உங்களைப் பார்க்க வந்தேன். மூன்று தடவையும் "அவங்களுக்கு உங்களைப் பார்க்க இஷ்டமில்லையாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை சொன்ன காவலர் அம்மாவுக்கே பாவமாக இருந்தது போல. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

குட்டி நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் காற்றுதான் வருகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள். வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல், "அத்தை, அம்மா ஜெயில்லயா இருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்ன செஞ்சாங்க?" ஒன்றும் செய்யவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு வச்சிருக்காங்க?" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லை என்று எழுதியதும் பொய். பதில் எனக்கும் உங்களுக்கும் தெரியும். இன்டர்வியூவுக்குப் போட்டுப் போக உருப்படியாக ஒரு கோட் இல்லையே என்று புலம்பியது நான். பத்து மாதமாக யாரும் திரும்ப வாங்க வராமல் உங்கள் சலவைக் கடையில் தொங்கிய கருப்புக் கோட்டை முதலாளிக்குத் தெரியாமல் எடுத்துவந்தது நீங்கள். வேலை கிடைத்துவிட்டது, கோட்டைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு போனபோதுதானே ரயில் நிலையத்தில் போலீஸின் அந்த மோப்ப நாய் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் போலீஸ் வீட்டுக்கு வந்து, "இந்தக் கோட் யாரோடது?" என்று மட்டும்தான் கேட்டார்கள். போதைப் பொடி என்றோ பொட்டலம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட் எடுத்ததற்குத்தான் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, "எங்க அண்ணியோடதுதான், காசு கொடுத்து வாங்கினது" என்றேன். ஸ்டேஷனில் நீங்களும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். கூடிப் பேசி வைத்தாற்போல.

வக்கீலம்மா அப்பீலுக்காக வழக்குக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு நேற்று என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. அந்தக் கோட் உங்க அண்ணிக்கு ரெண்டு சைஸ் பெருசு. பல வருஷமா போட்டுக்கிட்டிருந்த கோட்டா அது?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அண்ணி, சொல்லிவிடட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


அக்டோபர் 15

வாயாடிக்கு,

சொல்லக் கூடாது.

இந்த இரண்டு வார்த்தையோடு கடிதத்தை முடித்திருப்பேன். வக்கீலம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டே வார்த்தை எழுதி மூடினால் என்ன நினைப்பார் என்று மேலே எழுதுகிறேன். பாவம், தனக்குச் சொல்லக் கூடாது என்று எழுதிய தாளைத் தானே பையில் போட்டுச் சுமந்துகொண்டு வரப்போகிறார்.

நீ பொய்ச் சாட்சி சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் உன் ஆபீஸில் உன்னை ஒரு நாள் வைத்திருப்பார்களா? காப்பீட்டு ஆபீஸ், நம்பிக்கைதான் மூலதனம் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நீதானே வந்து சொன்னாய். அந்த வேலை போனால் குட்டிக்கு யார் இருக்கிறார்கள்? உன் அண்ணன் உயிரோடு இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அவர் இல்லை. நானும் இங்கே இருக்கிறேன். நீயும் தெருவுக்கு வந்தால் பிள்ளையை எவராவது அதிகாரி வந்து விடுதிக்குக் கூட்டிப்போவார். ஆறு வருஷம்தானே. கொஞ்சம் கழிந்தும் விட்டது.

நீ வந்தபோதெல்லாம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறாய். கோபம்தான், வேறென்ன. பொய் சொன்னாயே என்று கோபமில்லை, அதை நானும்தான் சொன்னேன். கோர்ட்டில் உன்னைக் கேட்டது என்ன? "இந்தக் கோட்டை முன்பு பார்த்திருக்கிறீர்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதானே. "வருஷக்கணக்கா பார்க்கிறேன் சார், பட்டன் தைச்சுக் கொடுத்ததே நான்தான், அந்தக் கோட்டுல ஒவ்வொரு அங்குலமும் எங்களுக்குத் தெரியும்" என்று எவன் உன்னைக் கேட்டான்? நீதிபதி அதை அப்படியே தீர்ப்பில் எடுத்துப் போட்டிருக்கிறார். பதினாலாவது பத்தி. ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தவர்களுக்கு லைனிங்கில் இருந்த இரண்டு பொட்டலம் மட்டும் தெரியாமல் போகுமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். நான் நீதிபதியாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாய். அது தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

குட்டிக்கு விழுந்த பல்லை என்ன செய்தாய்? பத்திரமாக வை.

அண்ணி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆபீஸில் கணக்கு எழுதும்போது ஒரு காகிதத்தில் ஏழு தப்பு. தலைமை குமாஸ்தா அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். சனிக்கிழமை குட்டியின் முடியைச் சீவிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலேயே, "அத்தை, ஆறு வருஷம் ஆனா எனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள். பதிமூன்று என்றேன். "அப்போ அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்றாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டு, பாதிச் சடையோடு அவளையும் கூட்டிக்கொண்டு வக்கீலம்மா வீட்டுக்கே போய்விட்டேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் குட்டியைப் படம் வரைய உட்கார வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோட் எப்படி வந்தது, ஏன் பொய் சொன்னோம், நான் சாட்சிக் கூண்டில் ஏறி அளந்துவிட்டது, எல்லாம். நான் முடித்ததும் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு கோட்டுக்கு, ஒரு நாள் இரவல் எடுத்த கோட்டுக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு வருஷம் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

நம் பேச்சை மட்டும் கோர்ட் நம்பாதாம். மாட்டிக்கொண்ட பிறகு மாற்றிச் சொல்கிறார்கள் என்பார்களாம். கோட் கடைக்கு வந்ததுதான் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்கிறார். கடையில் கோட்டோடு ஒரு சீட்டு குத்தியிருந்ததல்லவா, அதை நான்தான் இன்டர்வியூவுக்குப் போகும் அன்று பிய்த்துக் குப்பையில் போட்டேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு ஏதாவது அடையாளம் உண்டா?

உங்கள் நாத்தனார்


நவம்பர் 8

வாயாடிக்கு,

உன்னிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தெருவில் நின்று தண்டோரா போடுவதும் ஒன்று. இதைத் தெரிந்தும் கோட்டை வீட்டுக்கு எடுத்துவந்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது கேள். பாதி சொன்ன உண்மையால் நம் இருவருக்கும் கேடுதான். முழுசாகவே சொல்லித் தொலைப்போம். சீட்டு போனால் போகட்டும். எங்கள் கடையில் சீட்டை நம்பி யாரும் இல்லை. நீராவியில் சீட்டு நனைந்து உதிர்ந்துவிடும். அதனால் எந்தத் துணி வந்தாலும் முதலாளி தன் கையால் அழியாத மையில் நம்பர் எழுதுவார். வெளியே தெரியக் கூடாது என்று, கோட்டாக இருந்தால் உள்பாக்கெட்டை வெளியே இழுத்து அதன் அடித்துணியில் எழுதுவார். வேறு யாரையும் எழுத விடமாட்டார். எங்களில் எவளாவது நம்பரை மாற்றிக் கோட்டை மாற்றிவிடுவாள் என்று அவ்வளவு சந்தேகம். அந்தச் சந்தேகம் வாழ்க.

இடதுபக்க உள்பாக்கெட். இழுத்துப் பார்க்கச் சொல். நம்பர் இருக்கும். அதே நம்பர் அவருடைய நீலப் பதிவேட்டில், தேதியோடு, யார் கொடுத்தது என்ற பெயரோடு இருக்கும். "இஸ்திரி மட்டும்" என்று போட்டிருக்கும். அதனால்தான் அது தண்ணீரையே பார்க்கவில்லை. துவைக்க வந்திருந்தால் உள்ளே இருந்தது அன்றே கையில் தட்டுப்பட்டிருக்கும்.

இது தெரிந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வக்கீலம்மா கேட்பார். உன் வேலைக்காக என்று சொல். அது முழுக் காரணம் இல்லை. மீதியை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வேலை போனால் என்ன செய்வாய் என்று யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய்.

குட்டிக்குச் சடை பின்னும்போது வகிடு நேராக எடு. எனக்கு அடையாளம் தெரியும் என்று சொல். எண்பது வயசானாலும் தெரியும் என்று சொல்.

அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று கோர்ட்டில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆறவில்லை. அப்பீலில் உங்களை அழைத்துவர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்களே. ஆகவே ஒன்று விடாமல் எழுதுகிறேன். கூட்டிச் சொல்லவில்லை, சத்தியமாக. இனிமேல் கூட்டிச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

முதலில் ஆபீஸ் விஷயம். கோர்ட்டில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக்கொண்டு தலைமை குமாஸ்தா அம்மாவிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ராஜினாமாவுலயும் ரெண்டு தப்பு விட்டிருக்கே" என்றார். அப்புறம், "உனக்குக் கோட்டைப் பார்த்தா வேலை கொடுத்தோம்? டைப் அடிச்ச வேகத்தைப் பார்த்துக் கொடுத்தோம். மேலே நான் பேசிக்கிறேன், போய் வேலையைப் பாரு" என்றார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மேலிடத்தில் ஒரு மாதம் சம்பளமில்லாமல் இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். பிழைத்தோம்.

இப்போது கோர்ட். இரண்டு நீதிபதிகள், அதில் ஒருவர் பெண். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஆமாம், இல்லை, தெரியாது. வக்கீலம்மாவே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். முன்பு ஏன் பொய் சொன்னாய் என்று அரசு வக்கீல் கேட்டபோது, "கோட் எடுத்தது தெரிஞ்சிடும்னு பயந்தேன். பொட்டலம் இருந்ததுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்" என்றேன். நீதிபதி என்னை நன்றாகக் கண்டித்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் முதலாளி வந்தார். நீலப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உங்கள் மேல் அவ்வளவு கோபத்தோடு வந்தார். அரசு வக்கீலுக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷம். கோட்டை ஒரு உறையிலிருந்து எடுத்து மேசையில் போட்டார்கள். வக்கீலம்மா உள்பாக்கெட்டை வெளியே இழுத்தார். மங்கலாக நம்பர் இருந்தது. "இது யார் எழுத்து?" என்று கேட்டார்.

"என் எழுத்துதான். என் கடைக் கோட்டுதான். இவ எடுத்துட்டுப் போயிட்டா. பத்து மாசம் என் ஆணியில தொங்கின கோட்டுங்க இது, பதிவேட்ல இருக்கு பாருங்க, தேதி இருக்கு பாருங்க, என்கிட்ட கேட்காமத் திருடிட்டுப் போயிருக்கா" என்று கத்தினார். வக்கீலம்மா குறுக்கிடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி கத்தக் கத்த அரசு வக்கீல் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அந்தப் பெண் நீதிபதி பேனாவை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கணும்" என்றார். முதலாளியும் மெதுவாக, ஒவ்வொன்றாக, மறுபடி முதலிலிருந்து சொன்னார். தன் வாயாலேயே உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று மனுஷனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பதிவேட்டில் கோட் கொடுத்தவன் பெயரும் முகவரியும் இருந்தன. அந்த முகவரியில் அப்படி ஒருவனே இல்லையாம். அந்தப் பெண் நீதிபதி கோட்டின் வலதுபக்க வெளிப்பாக்கெட்டுக்குள் கையை விட்டார். பாக்கெட்டில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய இரண்டு விரலும் லைனிங்குக்குள் போய்விட்டன. விரலை அப்படியே வைத்துக்கொண்டு, இதில் போட்டது உள்ளே இறங்கிவிடும் என்று பக்கத்து நீதிபதியிடம் காட்டினார்.

தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வக்கீலம்மா ஒன்றும் நிச்சயமாகச் சொல்லவில்லை. ஆனால் படியிறங்கும்போது ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தார்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை இங்கே துணி மடிக்கும் அறையில் வைத்துப் படித்தேன். முதலாளி கத்திய இடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன என்ன என்று எல்லோரும் கேட்க, படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள்.

தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. எதிர்பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நினைக்கும்போதே கை தானாகப் பையில் சாமான்களை அடுக்குகிறது. நேற்று சோப்பை எடுத்து வைத்துவிட்டு, குளிக்கப் போகும்போது காணோம் என்று தேடினேன்.

நவம்பரில் எழுத மனசு வரவில்லை என்றேனே, அதை இப்போது எழுதிவிடுகிறேன். அப்புறம் தைரியம் இருக்காது. உன் வேலை ஒரு காரணம்தான். இன்னொன்று என் ரோஷம். பொடி வைத்திருந்தேன் என்று யார் சொன்னாலும் எனக்கு உறைக்கவில்லை. நான் செய்யவில்லை, தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்துவிடலாம். கோட் எடுத்தாள் என்று சொன்னால் தலை குனிய வேண்டும், ஏனென்றால் எடுத்தேன். பதினோரு வருஷம் அந்தக் கடையில் ஒரு கைக்குட்டை எடுத்ததில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் போல. குட்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தி எழுதாதே.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

விடுதலை.

வக்கீலம்மா போனில் சொன்னபோது டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டேன், சும்மா கேட்க நன்றாக இருந்தது. தலைமை குமாஸ்தா அம்மா என் கையிலிருந்து போனை வாங்கித் தானும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

உள்ளே இருந்தது உங்களுக்குத் தெரியும் என்று காட்ட ஒரு ஆதாரமும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தண்டனை ரத்து. உத்தரவு சிறைக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகுமாம். இந்தக் கடிதம் முதலில் வருமா நீங்கள் முதலில் வருவீர்களா தெரியவில்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குட்டியிடம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். நேராகப் போய்த் தன் தலையணையை உங்கள் கட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். "அத்தை, நல்ல விஷயம்தானே சொன்னீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் வாசலில் நிற்போம். இந்தத் தடவை பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 14, வியாழக்கிழமை

என் வாயாடிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன். காகிதங்களில் கையெழுத்து ஆகவேண்டுமாம், ஆபீஸ் அறை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து ஜன்னல் வழியாக வாசல் கதவின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. உன் தலை தெரிகிறது. குட்டி தெரியவில்லை. வளர்ந்திருப்பாள் என்று நினைத்தேன், இன்னும் ஜன்னல் உயரத்துக்கு வரவில்லை. நிம்மதியாக இருக்கிறது.

நேரில் உன்னைப் பார்த்ததும் ஏன் இளைத்துப்போனாய் என்று நான் திட்டத்தான் போகிறேன். என்னால் வேறு விதமாகப் பேச முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். நான் சொல்லக் கூடாது என்றேன், நீ சொன்னாய். நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன். உன்னை மூன்று தடவை திருப்பி அனுப்பியதற்கு என்னை மன்னித்துவிடு.

தீர்ப்பின் நகல் மடியில் இருக்கிறது. அதில் ஒரு வரி, முதலாளியின் அனுமதியில்லாமல் கோட்டை எடுத்தது தவறுதான் என்று. அதை நாலு தடவை படித்துவிட்டேன். இந்த ஒரு வரிக்குப் பயந்தா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? நாளைக்குக் கடைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். வேலை தந்தாலும் சரி, வெளியே போ என்றாலும் சரி. செய்ததற்குத் திட்டு வாங்குவது எவ்வளவு லேசான காரியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இப்போது ஒரு விஷயம் நடந்தது. வெளியே போகும்போது கூட்டிப்போக வந்திருப்பவர் யார் என்று ஒரு படிவம் நிரப்பினார்கள். உன் பேரைச் சொன்னேன். "என்ன உறவு?" என்றார் எழுதுகிறவர். நாத்தனார், கணவரின் தங்கை என்றேன். "கணவர்?" இறந்துவிட்டார் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்படின்னா இதுல எதுல போடறது? இந்தக் கட்டத்துல கூடப்பிறந்தவங்க, பெத்தவங்கன்னுதான் இருக்கு" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

தங்கச்சி என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போட்டுவிட்டார். நானும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதுவும் பொய்தான். இதை மட்டும் எந்தக் கோர்ட்டிலும் போய் உடைத்துவிடாதே.

அண்ணி